செம்பருத்தியின் சிவப்பைப் படத்தில் காப்பது எப்படி

நண்பகல் வெயிலில் எடுத்த செம்பருத்திப் படத்தில் இதழின் நரம்புகளும் மடிப்புகளும் மறைந்து, பூ முழுவதும் ஒரே சிவப்புத் திட்டாகத் தெரிவதுண்டு. சுற்றியுள்ள கரும்பச்சை இலைகளையும் சேர்த்துக் கணக்கிடும் கேமரா, ஒளியளவைக் கூட்டிவிடுவதால் சிவப்பு மட்டும் தன் எல்லையைக் கடந்துவிடுவதே இதற்குக் காரணம். எனவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியளவை, 2/3 முதல் 1 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்து, ஒளியளவின் பரவலைக் கேமராவில் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வரைபடம் வலது ஓரத்தில் முட்டவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மொத்த ஒளியைக் காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பி நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன். வெயில் ஏறிவிட்டால், பூவுக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொன்னாலே ஒளி மென்மையாகிவிடும்.

படத்தின் கட்டமைப்பில் கவனிக்க வேண்டியது, பூவிலிருந்து நீண்டு நிற்கும் மகரந்தத் தண்டு. பூவை நடுவில் நிறுத்தாமல், தண்டு நீளும் பக்கத்தில் இடம் விட்டுப் பக்கவாட்டிலிருந்து எடுத்து, நுனியில் ஐந்தாகப் பிரியும் சூல்முடிகளில் குவியம் (ஃபோகஸ்) வைக்கலாம். மிக அருகிலிருந்து எடுக்கும்போது தெளிவு சில மில்லிமீட்டர் ஆழத்துக்கே கிடைக்கும் என்பதால், லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்துத் தொடங்குவது நல்லது. பின்னணியில் வெள்ளைச் சுவரோ வான வெளிச்சமோ தென்பட்டால், ஓரடி நகர்ந்து இலைகளின் நிழலைப் பூவுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும்.