மிரர்லெஸ்ஸுக்கு மாறியதும் படத்தில் விழுந்த கறுப்புப் பட்டைகள்

பதினோரு வருடம் வைத்திருந்த டிஎஸ்எல்ஆர் கேமராவை விற்றுவிட்டு, வேறு பிராண்டில் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். பெங்களூரு மல்லேஸ்வரத்தில் அக்கா மகளின் நடன அரங்கேற்ற ஒத்திகை. எல்லாப் படத்திலும் குறுக்கே கறுப்புப் பட்டைகள். லென்ஸ், கார்டு, ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) என்று மாற்றிப் பார்த்ததில் மூன்று நாள் வீண். லால்பாக் பூங்காவில் வெயிலில் எடுத்தால் ஒரு கோடுகூட இல்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: ஒத்திகைப் படங்களில் ஜன்னல் வெளிச்சம் விழுந்த பக்கம் மட்டும் பட்டை மங்கலாக இருந்தது. அப்படியென்றால் விளக்குதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்கும். நான் வைத்திருந்த சத்தமில்லாத (சைலன்ட்) எலக்ட்ரானிக் ஷட்டர், படம் பதியும் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் அந்த மினுங்கல் பட்டையாகப் பதிகிறது.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, மினுங்கலுக்கு ஏற்ப நேரம் பார்த்துப் படமெடுக்கும் ஆன்டி-ஃபிளிக்கரையும் போட்டேன். பட்டை போயே போச்சு! அரங்கேற்றத்துக்கு முன்பே சரியானதில் பெரிய நிம்மதி. சைலன்ட்தான் வேண்டுமென்றால் ஷட்டர் வேகத்தை 1/100 நொடி வையுங்கள். ஆனால் வேகமான அடவுக்கு (நடன அசைவுக்கு) அது போதாது.