பொன்னியின் செல்வன் ஊர்களைத் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் ஆடி மாதம் நெருங்கும்போது, கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை அண்மையில் படித்து முடித்தவர்கள் சோழநாட்டு ஊர்களுக்குப் புறப்படுகிறார்கள். அவர்களில் சிலருக்கு வழித்துணையாகப் போய்வரும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. ஆர்வத்தில் யாருக்கும் குறையாத அந்தப் புதியவர்கள், நானும் என் தோழர்களும் தொடக்கக் காலத்தில் செய்த பிழைகளையே மறுபடியும் செய்வதைப் பார்த்த பிறகு, அவற்றை எழுதிவைப்பது நல்லதென்று தோன்றியது. குடிநீர், தொப்பி, வசதியான செருப்பு ஆகியவற்றைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கதையை மனத்தில் சுமந்து செல்பவர்கள் மட்டுமே செய்யும் தவறுகளைத்தான் இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

கதையின் வரிசையிலேயே பயணம் செய்வது

நாவலின் நாயகன் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் (இன்றைய வீராணம்) குதிரையில் வந்து, கடம்பூரில் ஓர் இரவு தங்கி, குடந்தையில் சோதிடரைக் கண்டு, திருவையாற்று வழியே தஞ்சை சென்று, பின்னர் பழையாறைக்கும் அங்கிருந்து கோடிக்கரைக்கும் போகிறான். அதே வரிசையில் போக வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆனால் பழையாறை இருப்பது கும்பகோணத்துக்கு அருகில். கும்பகோணத்தைக் கடந்து தஞ்சைக்குப் போய், மறுபடியும் அதே வழியில் திரும்பி வருவதிலேயே ஒரு நாள் கழிந்துவிடும். கும்பகோணத்தில் தங்கிக்கொண்டு, திருப்புறம்பியம், அணைக்கரை, காட்டுமன்னார்கோயில், கடம்பூர், வீராணம் ஆகியவற்றை ஒரு நாளிலும், பட்டீஸ்வரத்தையும் பழையாறையையும் ஒரு நாளிலும், தஞ்சையையும் பழுவூரையும் வேறொரு நாளிலும் வைத்துக்கொண்டால் எந்த ஊரிலும் அவசரம் இருக்காது. நாகப்பட்டினமும் கோடிக்கரையும் கிழக்கே தனிப் பாதை.

ஆடிப்பெருக்கன்று வீராணத்தில் கடலை எதிர்பார்ப்பது

நாவல் தொடங்கும் ஆடிப்பதினெட்டாம் நாளன்று ஏரி கடல்போல் ததும்பி நிற்கிறது. இன்று மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு, அந்த நீர் கல்லணையைக் கடந்து, கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, வடவாற்றில் திரும்பி வீராணத்தை அடைய வேண்டும். அணை தாமதமாகத் திறக்கப்படும் ஆண்டில் ஆடிப்பெருக்கன்று ஏரியின் பெரும்பரப்பு சேறாகவே இருக்கக்கூடும். 2004ஆம் ஆண்டு முதல் இந்த ஏரி சென்னைக்கும் குடிநீர் தருகிறது என்பதால் அதன் நீர்மட்டம் செய்திகளில் அடிக்கடி வரும். அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நீர் நிரம்பிய ஏரியைக் காண வேண்டுமென்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியும் தை மாதமும் ஏற்றவை.

கேள்விக்குள் விடையை வைத்துக் கேட்பது

மற்ற தவறுகளால் இழப்பது நேரமும் பணமும்தான். இந்த ஒரு தவறு ஊருக்கே இழப்பை உண்டாக்குகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பழையாறைப் பகுதியில் ஒரு முறை, எங்களுக்கு முன்னால் வந்திருந்த இளைஞர்கள் சிலர் கோயில் மதிலோரம் அமர்ந்திருந்த ஒரு முதியவரிடம், “தாத்தா, குந்தவை குளிச்ச குளம் இதுதானே?” என்று கேட்டார்கள். தொலைவிலிருந்து வந்த பிள்ளைகளின் முகம் வாடக் கூடாது என்ற பண்பினால் அவர், “அப்படித்தான் சொல்லிக்கிறாங்க தம்பி” என்றார். அவர்கள் அதைக் காணொளியாகப் பதிவு செய்துகொண்டு, மகிழ்ச்சியோடு சென்றார்கள். அந்தப் பதிவில் “ஊர்ப் பெரியவரே உறுதி செய்தார்” என்ற வாசகம் சேர்ந்திருந்ததைப் பிறகு பார்த்தேன். சில காலம் கழித்து வேறு சிலரோடு அங்கே போனபோது, சைக்கிளில் வந்த ஒரு சிறுவன் நாங்கள் கேட்காமலேயே, “குந்தவை குளம் அந்தப் பக்கம்” என்று வழிகாட்டினான். அந்தக் குளத்துக்கு ஊரார் வழங்கிவந்த பெயர் வேறு. அதை அந்த முதியவரின் வயதில் உள்ளவர்கள் அறிவார்கள். அந்தச் சிறுவன் அறியமாட்டான்.

பழையாறை போன்ற ஓர் ஊரில் இது ஏன் பேரிழப்பு என்பதைப் புரிந்துகொள்ள, அங்கு நமக்கு எஞ்சியிருப்பது என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். சோழர் கோயில்களைப்போல அரண்மனைகளைக் கருங்கல்லால் எழுப்பவில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்டவை செங்கல் சுவர்களின் அடிப்பகுதிகளும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும்தான். பழையாறையில் அந்த அளவுக்குக்கூட நிலத்தின்மேல் எதுவும் தெரிவதில்லை. சோமநாதர் கோயிலையும் வடதளியையும் விட்டால், அங்கே தலைநகர் ஒன்று இருந்ததற்குக் கண்ணெதிரே உள்ள சான்று ஊர்ப்பெயர்களே: சோழன்மாளிகை, ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர். ஆயிரம் ஆண்டுகளாக உழவர்களின் நாவிலேயே நிலைத்த பெயர்கள் இவை. ஒரு மேட்டின் பெயர், ஒரு வாய்க்காலின் பெயர், ஒரு வயலின் பெயர் ஆகியவற்றை வைத்துத்தான் எங்கே அகழ வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்கிறார்கள். அந்தப் பெயரின்மேல் நாம் ஒரு நாவல் பாத்திரத்தின் பெயரை ஒட்டிவிட்டால், மண்ணுக்கடியில் இருப்பதற்கான வழியையே அடைத்துவிடுகிறோம்.

திருப்புறம்பியத்திலும் இதுவே நடக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவ அபராஜிதனுக்கும் வரகுண பாண்டியனுக்கும் அங்கே நடந்த போரில், பல்லவர் பக்கம் நின்று உயிர்துறந்த கங்க மன்னன் பிருதிவீபதியின் நினைவாக அங்குள்ள பள்ளிப்படை, அதாவது இறந்தவருக்காக எடுக்கும் நினைவுக்கோயில், எழுந்தது. சோழர் மீண்டும் தலையெடுக்க வழிதிறந்த போர் அது. நாவலில் ரவிதாசன் முதலான ஆபத்துதவிகள் (பாண்டிய மன்னனின் மெய்க்காவலர்கள்) நள்ளிரவில் கூடிச் சபதம் செய்யும் இடமும் அதுவே என்பதால், வருபவர்கள் எல்லோரும் “ரவிதாசன் சபதம் எடுத்த இடம் எது?” என்றே கேட்கிறார்கள். பிருதிவீபதியைப் பற்றி ஒருவர்கூடக் கேட்பதில்லை. மாண்டு போன ஒரு மன்னனின் நினைவிடத்தில் நின்றுகொண்டு அவன் பெயரையே கேளாமல் திரும்புவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆகவே ஊர்மக்களிடம் கேட்கும்போது கதையை வெளியே எடுக்காதீர்கள். “இந்தக் குளத்துக்கு என்ன பேருங்க ஐயா?”, “இந்த மேட்டை என்னன்னு சொல்லுவீங்க?”, “உழும்போது பெரிய செங்கல் அகப்பட்டதுண்டா?” என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுமையாக இருங்கள். சொன்ன பெயரை அவர்கள் சொன்ன ஒலியிலேயே, திருத்தாமல் குறித்துக்கொள்ளுங்கள். உடையாளூருக்குப் போகிறவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இராஜராஜனின் விருதுப் பெயரான சிவபாதசேகரன் என்பது உள்ள ஒரு கல்வெட்டு அவ்வூரில் கிடைத்ததால், அவனுடைய பள்ளிப்படை அங்கேதான் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் இன்று வழிபடப்படும் இடத்தை அதுவே என்று நிறுவும் சான்று இல்லை. அங்கே வணங்க விரும்புவோர் வணங்கலாம். அதை முடிந்த முடிபாக எழுதுவது தவறு.

உடையார்குடிக் கல்வெட்டைத் தீர்ப்பாகப் படிப்பது

காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைத் தருகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைக் கல்லிலே காணும்போது நாவலைப் படித்த எவருக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் அக்கல்வெட்டு கொலையைப் பற்றிய விசாரணை ஆவணம் அன்று. இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், துரோகிகளுக்கும் அவர்களுடைய உறவினருக்கும் உரிய நிலங்களைப் பற்றி வந்த ஆணை அதில் இடம்பெறுகிறது. கொலை எங்கே நடந்தது, எதனால் நடந்தது, தூண்டியவர் யார் என்று அது சொல்வதில்லை. நாவலில் சதியின் மையமாக வரும் நந்தினியின் பெயர் அதில் இல்லை. நாவலில் மந்திரவாதியாக வரும் ரவிதாசன், கல்வெட்டில் பஞ்சவன் பிரமாதிராயன் என்ற உயர்ந்த பட்டம் தாங்கிய அதிகாரியாக இருக்கிறான். அந்த ஒரு வேறுபாடே நெடுநேரம் சிந்திக்கத்தக்கது. அதை விட்டுவிட்டு, “கொலையாளி இவர்தான்” என்று கல்வெட்டுக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்வதில் பயன் இல்லை.

எழுத்து தெரிய மாவு தேய்ப்பது

ஒருபோதும் வேண்டாம், பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்த ஒரு டார்ச் விளக்கே போதும்.

பிற்காலக் கட்டடங்களில் கதையைத் தேடுவது

கதை நிகழ்வது சுந்தர சோழரின் இறுதி ஆண்டுகளில், அதாவது 970ஆம் ஆண்டையொட்டி. தஞ்சைப் பெரிய கோயில் நிறைவெய்தியது 1010இல். இன்று தஞ்சையில் காணும் அரண்மனை நாயக்கர்களும் மராட்டியர்களும் கட்டியது. கடம்பூரில் தேர் வடிவில் நிற்கும் அழகிய கற்றளி (கற்கோயில்) முதலாம் குலோத்துங்கன் காலத்தது. சம்புவரையர் மாளிகை அங்கே எங்கும் இல்லை. இவற்றைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அருள்மொழியும் (பின்னாளைய இராஜராஜன்) குந்தவையும் தம் கண்ணால் கண்டிருக்கக்கூடிய சிற்பங்களைக் காண விரும்பினால், கும்பகோணத்திலேயே உள்ள நாகேசுவரன் கோயிலுக்கும், பராந்தகன் காலத்துப் புள்ளமங்கைக்கும் செல்லுங்கள். இன்னும் நெருக்கமாக, கோனேரிராஜபுரத்துக்குச் செல்லுங்கள். நாவலில் சிவபக்திச் செல்வியாக வரும் செம்பியன் மாதேவி, மறைந்த தம் கணவர் கண்டராதித்தரின் பெயரால் எழுப்பிய கற்றளி அது. கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தில் அங்கே புடைப்புச் சிற்பமாக இருக்கிறார். அவர்தான் என்று கல்வெட்டும் கூறுகிறது. கதைமாந்தருள் ஒருவரை அவருடைய மனைவியே கல்லில் நிறுத்தியிருக்க, அந்த ஊரைப் பயணத் திட்டத்தில் சேர்ப்பவர்கள் மிகச் சிலரே.

நண்பகலில் போய் நிற்பது

பெரும்பாலான கோயில்களில் பகல் 12 மணிக்கு நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள்.

பழுவூரை விட்டுவிடுவது

பழுவேட்டரையர்களைக் கதையில் தஞ்சைக் கோட்டைக்குள்ளேயே பார்த்துப் பழகியதால், அரியலூர் மாவட்டத்தில் உள்ள அவர்களுடைய ஊரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கீழையூரில் உள்ள அவனி கந்தர்ப்ப ஈசுவரகிருகம் என்னும் இரட்டைக் கோயிலும் கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலும் அந்தக் குடியின் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கின்றன. இராஜராஜனின் தேவியருள் ஒருவரான பஞ்சவன்மாதேவி பழுவூர்க் குடியில் பிறந்தவர். அவருக்காக இராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படை பட்டீஸ்வரத்துக்கு அருகில் இருக்கிறது. கதையில் சோழ அரசகுடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு எதிராகச் சதிசெய்யும் குடியின் மகளை, ஒரு சோழப் பேரரசன் தாயாகவே போற்றிக் கோயில் எடுத்தான் என்பதை அந்த இடத்தில் நின்று அறிவதற்காகவாவது பழுவூரைப் பார்க்க வேண்டும்.

இலங்கையையும் இதே பயணத்தில் சேர்ப்பது

அது தனிப் பயணம்.

கடற்கரையில் இல்லாததைத் தேடுவது

கோடிக்கரையில் இன்று கண்ணில் படும் கலங்கரை விளக்கங்கள் பிற்காலத்தவை. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட செங்கல் விளக்கத்தின் எச்சமும் 2004 ஆழிப்பேரலையில் சிதைந்துவிட்டது. சுந்தரர் பாடிய குழகர் கோயில் இருக்கிறது. வெளிமான்கள் திரியும் காடும், குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்கும் உப்பங்கழியும் இருக்கின்றன. அது வனவிலங்குச் சரணாலயம் என்பதால், பூங்குழலியின் பாதையைத் தேடி மனம்போனபடி காட்டுக்குள் இறங்காமல், வனத்துறை அனுமதிக்கும் வழியிலேயே செல்ல வேண்டும்.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தைக் கேட்பவர்களுக்கு யாராலும் ஒன்றையும் காட்ட முடியாது. ஸ்ரீவிஜய மன்னர்கள் இராஜராஜன் காலத்தில் எழுப்பிய விகாரம் அது. கதைக்காகக் கல்கி அதைச் சில பத்தாண்டுகள் முன்னதாகவே இருந்ததாக அமைத்துக்கொண்டார். அவ்வூரில் 19ஆம் நூற்றாண்டு வரை நின்றிருந்த பழைய பௌத்தச் செங்கற்கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. ஆனால் 1856 முதல் அந்த மண்ணிலிருந்து கிடைத்த நூற்றுக்கணக்கான புத்தர் வெண்கலப் படிமங்களில் சிறந்த பல, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. சென்னை வழியாகச் செல்பவர்கள் அவற்றை முதலில் பார்த்துவிட்டு நாகைக்குப் போவது நல்லது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.