கடற்பசுப் பாதுகாப்பகத்தின் மேலாண்மைக் குழுவில் கரையோர மக்கள் பங்கேற்பது எப்படி

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இந்த விலங்குக்கென்று நாட்டில் அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இத்தகைய காப்பகங்களுக்கு 36-ஏ, 36-பி என்று இரு பிரிவுகள் உள்ளன. முதல் பிரிவு, உள்ளூர் மக்களைக் கலந்தாலோசித்த பிறகே காப்பகம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. இரண்டாவது பிரிவு, காப்பகத்தைப் பேணுவது குறித்துத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை கூற ஒரு மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. ஊதியம் பாராமல் அதில் பணியாற்ற நினைப்பவர்கள் அந்த இரண்டு பிரிவுகளையும் முதலில் ஒருமுறை வரிவரியாகப் படித்துவிட வேண்டும்; சில பத்திகள்தான்.

சட்டம் சொல்லும் உறுப்பினர்கள் இவர்கள்: உறுப்பினர் செயலராக வனத்துறைப் பிரதிநிதி ஒருவர், காப்பகம் அமைந்துள்ள ஒவ்வொரு கிராம ஊராட்சியிலிருந்தும் ஒரு பிரதிநிதி, வன உயிரினப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள தொண்டு நிறுவனங்களிலிருந்து மூவர், வேளாண்மைத் துறைக்கும் கால்நடைத் துறைக்கும் ஒவ்வொருவர். நிலத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட பட்டியல் என்பது படித்தவுடனே தெரிந்துவிடும். மீன்வளத் துறையின் பெயர் அதில் இல்லை. மீனவர் என்ற சொல்லும் இல்லை. ஆகவே மீன்வளத் துறை அதிகாரியையும் நாட்டுப்படகு, விசைப்படகுச் சங்கத்தினரையும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழைக்க வேண்டும் என்று கேட்பதையே எந்தப் புதிய உறுப்பினரும் தம் முதல் வேலையாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. குழு தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்று அதே பிரிவு கூறுவதால், இது கேட்கத் தகுந்த கோரிக்கைதான்.

உள்ளே செல்வதற்கு மீனவருக்கு இயல்பான வழி ஊராட்சிதான். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்கரைக் குப்பங்கள் பலவும் தனி ஊராட்சிகள் அல்ல. உள்நாட்டு வேளாண் ஊர்களோடு சேர்ந்த ஓர் ஊராட்சியின் ஒன்றிரண்டு வார்டுகளாகவே இருக்கின்றன. மீனவர் தம் வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் ஊர்ப் பஞ்சாயத்தோ ஜமாத்தோ எவ்வளவு செல்வாக்குடையதாக இருந்தாலும், சட்டம் அதைக் கிராம ஊராட்சியாகக் கருதாது. எனவே கடலுக்குப் போகிறவர் அல்லது கடல் வருமானத்தில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்தவரே குழுவுக்குச் செல்ல வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டு வருவது நல்லது. தமிழ்நாட்டில் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, அது பதிவேட்டில் ஏறியதை நேரில் பார்த்துவிட்டு வர வேண்டும். பெண்களின் பெயரையும் முன்மொழியத் தயங்கக் கூடாது. வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களுக்கு எந்த வலையில் என்ன ஏறுகிறது, எந்த மாதத்தில் தாழை (கடற்புல்லுக்கு மீனவர் வழங்கும் பெயர்) அதிகமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே தெரியும்.

இருக்கை கிடைக்காதவர் ஊராட்சிப் பிரதிநிதிக்குத் துணையாக இருந்து விவரம் சேகரித்துக் கொடுக்கலாம்; அதுவும் இதே பணிதான். குழு அமைக்கப்பட்ட ஆணை, உறுப்பினர் பட்டியல், முந்தைய கூட்டக் குறிப்புகள் ஆகியவை கைக்கு வராவிட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் எழுதிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

இந்தக் குழுவின் தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தாது, அது வெறும் ஆலோசனை என்பதால்தான் விவரம் இவ்வளவு முக்கியமாகிறது. கடல் வற்றியிருந்த ஒரு காலையில், இடுப்பளவு நீரில் மீனவர் ஒருவர் எனக்குத் தாழைப் பரப்பைக் காட்டினார். பச்சைப் பாயை யாரோ கோடு கோடாகக் கிழித்தது போல, ஒரு சாண் அகலத்தில் வெண்மணல் தெரியும் தடங்கள் வளைந்து வளைந்து சென்றன. ஆவுளியா கடற்புல்லை வேரோடு பிடுங்கி மேய்ந்த தடங்கள் அவை. சற்றுத் தள்ளி, நேர்கோட்டில், இன்னும் அகலமாக உழுதது போலிருந்த பள்ளம், விசைப்படகுகள் கடல்தரையோடு இழுத்துச் செல்லும் வலையான இழுவைமடி போன தடம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர் கூட்டத்தில் அமர்ந்திருந்தால் பேச்சின் போக்கே மாறிவிடும்.

ஆகவே ஒரு குறிப்பேடு வேண்டும். தேதி, காற்று, கரையிலிருந்து எத்தனை நேர ஓட்டம், ஆழம், என்ன வலை, அதன் கண்ணளவு, என்ன தென்பட்டது என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். ஆழத்தைப் பாகத்திலேயே எழுதி, பக்கத்தில் மீட்டரையும் குறித்துக்கொண்டால் அதிகாரிகளுக்கும் விளங்கும். ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர். ஆனால் படகின் பெயரையோ படகுக்காரரின் பெயரையோ எழுத வேண்டாம். ஆவுளியா வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. அதைக் கொன்றால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை உண்டு. தவறிச் சிக்கி மூச்சு முட்டி இறந்ததைக்கூட வெளியே சொல்ல மக்கள் அஞ்சுவது இதனால்தான். குழு உறுப்பினரிடம் சொன்னால் வழக்கு வரும் என்ற எண்ணம் ஊரில் ஒருமுறை பரவிவிட்டால், பிறகு எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கூட்டத்தில் “ஆவுளியாவைக் காக்க வேண்டும், மீனவரையும் காக்க வேண்டும்” என்று பேசினால் எல்லோரும் தலையசைப்பார்கள். குறிப்பில் ஒன்றும் ஏறாது. மாறாக, இன்ன ஆழத்தில் இன்ன மாதங்களில் திருக்கை வலையில் ஆவுளியா சிக்குகிறது, வலையை அறுத்து விட்டால்தான் அது பிழைக்கும், அறுத்த வலையின் விலையை ஒரு வாரத்துக்குள் மீனவருக்குத் தர ஏற்பாடு வேண்டும் என்று பேசுங்கள். சிக்கிய ஆவுளியாவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை வழங்கியிருக்கிறது. அந்த வழக்கத்தை எழுத்து வடிவிலான, தாமதமில்லாத நடைமுறையாக மாற்றுவது ஒரு குழுவால் செய்யக்கூடிய காரியம்.

கூட்டத்தின் நாளையும் இடத்தையும் பற்றிப் பேசுவதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். இந்தக் கரையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குச் செல்வதும், மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை என்பதும் நெடுநாள் ஏற்பாடு. வியாழக்கிழமை காலை மாவட்டத் தலைநகரில் கூட்டம் வைத்தால் நாட்டுப்படகு மீனவர் ஒரு நாள் வருமானத்தை இழந்துதான் வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். அவர்களோடு இழுவைமடியைப் பற்றி மனம்விட்டுப் பேச அதைவிடப் பொருத்தமான காலம் இல்லை. கூட்டக் குறிப்பு தமிழில் வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டுப் பெறுங்கள்.

குறிப்பு கைக்கு வந்ததும், நீங்கள் சொன்னது சொன்னபடி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் உறுப்பினர் செயலருக்கு எழுத்தில் திருத்தம் அனுப்புங்கள். பிறகு அதை எடுத்துக்கொண்டு படகுகள் கரைசேரும் நேரத்தில் ஏலக்கூடத்துக்குப் போய், என்ன பேசப்பட்டது, எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை என்று வாசித்துக் காட்டுங்கள். அங்கே எழும் கேள்விகளை அதே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டால் அடுத்த கூட்டத்துக்கான பொருள்கள் கைவசம் இருக்கும்.