தனியாகக் கிளம்பும் முதல் பயணத்தில் செய்யக் கூடாதவை

குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டியது போதும் என்று மனம் முரண்டு பிடிக்கும் நாளில், பலரும் எடுத்த எடுப்பிலேயே வரைபடத்தின் உச்சியில் விரலை வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் லடாக்கைத் தேர்ந்தெடுத்தேன்.

பெரிய தவறு அவசரம். கடலோரத்தில் வாழ்ந்து பழகிய உடம்பு, டெல்லியில் விமானம் ஏறிய ஒன்றேகால் மணி நேரத்தில் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இறங்குகிறது. முதல் இரண்டு நாள் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு மறுநாளே 5,300 மீட்டரைத் தாண்டிய கர்துங் லா கணவாய்க்கு வண்டி பேசினால் தலைவலி, குமட்டலில் தொடங்கி நுரையீரலில் நீர் கோக்கும் அளவுக்குப் போய்விடலாம். அறைக்குப் போகும் பன்னிரண்டு படிகளை ஏறுவதற்குள் நான் இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சூடான தேநீர் குடிப்பது மட்டும்தான் அன்றைய வேலை. அதுகூட என்னால் முடியவில்லை. பார்க்காமல் விட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். இத்தனை ஆண்டுகளாகச் சுறுசுறுப்பு என்று நான் நினைத்திருந்தது, சும்மா இருக்கத் தெரியாத பதற்றம் என்பது அங்கேதான் உறைத்தது.

மணிக்கு மணி திட்டம் போட்டுக்கொண்டு போயிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்தது, பார்த்த கணமே ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவது. 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்தியிடம், அவர் அரசியல் குருவாக மதித்த கோகலே கேட்டுக்கொண்டது, ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பாருங்கள், அதுவரை பொது விஷயங்களில் கருத்துச் சொல்லாதீர்கள் என்பதுதான். நமக்கு ஓராண்டு வேண்டாம், ஒரு வாரம் போதும். எடுத்த புகைப்படத்துக்குக் கீழே என்ன எழுதிப் பகிரலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டால் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது.

அதற்காக யாரிடமும் சொல்லாமல் போவதைத் துணிச்சல் என்று நினைக்காதீர்கள். வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. தங்கும் இடத்தின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

மலைக்காற்றில் நின்றபடி வேலையை விடுவதென்று முடிவெடுக்கவும் வேண்டாம். ராஜினாமாக் கடிதத்தை அங்கேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். திரும்பி வந்து ஒரு மாதம் வழக்கமான பஸ்ஸில் அலுவலகம் போய்வந்த பிறகு, அதை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.