லேப்வியூவில் மாறிலிக்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி மொழியில் மேலே ஒரு வரியில் பெயரையும் மதிப்பையும் எழுதிவிட்டால் போதும், அப்புறம் எங்கேயும் பெயர்தான் பேசும். படம் வரைந்தே நிரல் எழுதும் லேப்வியூவில் அப்படி நேரடியான வசதி இல்லை, பிளாக் டயக்ராமில் (நிரலை வரையும் பக்கம்) எண்ணைக் கான்ஸ்டன்டாகப் போட்டு வயரை இழுத்துவிடுகிறோம், தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிறையப் பேர் லேபிளையே பெயர் என்று நம்பிவிடுகிறார்கள். கான்ஸ்டன்டை ரைட் கிளிக் செய்து, லேபிளைத் தெரிய வைத்து, 'ஷன்ட் ரெசிஸ்டர்' என்று எழுதுவது நல்ல பழக்கம், கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் அது மேலே ஒட்டிய சீட்டு மட்டுமே. காப்பி எடுத்து நாலு இடத்தில் போட்டால் நாலும் தனித்தனி எண்கள், ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றும் பழையபடியே இருக்கும்.

ஒரு தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அளக்கும் வேலையில் எனக்கு இது நடந்தது. 4 முதல் 20 மில்லிஆம்பியர் தரும் சென்சார், 250 ஓம் ரெசிஸ்டர், அதில் விழும் 1 முதல் 5 வோல்ட்டை 250-ஆல் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். பிறகு ரெசிஸ்டரை 100 ஓமாக மாற்றினோம். தேடித் தேடி எல்லா 250-ஐயும் 100 ஆக்கினேன், அலாரம் விஐக்குள் (லேப்வியூவில் ஒரு நிரலை விஐ என்பார்கள்) இருந்த ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை. மின்னோட்டம் 3.6 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் சென்சார் வயர் அறுந்துவிட்டது என்று அந்த விஐ சொல்லும். உண்மையில் 9 மில்லிஆம்பியர் வரும்போது 0.9 வோல்ட், அதை 250-ஆல் வகுத்தால் சரியாக 3.6. அதனால் தொட்டி 31 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் அலாரம் அடிக்கும், தண்ணீர் ஏறியதும் நின்றுவிடும். இரண்டு நாள் வயரையும் டெர்மினலையுமே சோதித்துக்கொண்டிருந்தோம்.

சரி, குளோபல் வேரியபிளில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். எந்த விஐயும் அதில் எழுதலாம், அப்படியானால் அது மாறிலியே இல்லை. போதாததற்கு, புது மதிப்பை டிஃபால்ட் ஆக்கிச் சேமிக்க மறந்தால் மூடித் திறந்ததும் பழைய எண் வந்து நிற்கும்.

நான் இப்போது செய்வது ஒரு குட்டி சப்-விஐ, அதாவது மற்ற விஐகள் கூப்பிடும் விஐ. உள்ளே ஒரு கான்ஸ்டன்ட், அதை வெளியே தரும் ஒரு இண்டிகேட்டர், அவ்வளவுதான். ஐகானில் பெயரை எழுதிவிட வேண்டும், 32-க்கு 32 பிக்சல்தான் என்பதால் சுருக்கமாக. யாரும் வெளியிலிருந்து மதிப்பை மாற்ற முடியாது, மாற்ற வேண்டுமானால் ஒரே இடம். இதற்காக ஒரு விஐயைக் கூப்பிட்டால் வேகம் குறையாதா என்று கேட்பவர்களுக்கு: 2010 பதிப்பிலிருந்தே இன்லைன் வசதி இருக்கிறது, சப்-விஐயின் நிரலைக் கூப்பிடும் விஐக்குள்ளேயே அது சேர்த்துவிடும். பை, ஒளியின் வேகம் போன்றவை லேப்வியூவின் பேலட்டிலேயே (எடுத்துப் போடும் பட்டியல்) இருக்கின்றன, 3.14 என்று கையால் அடிக்காதீர்கள். இடத்துக்கு இடம் மாறுகிற எண்ணை நிரலுக்கு வெளியே ஐஎன்ஐ ஃபைலில் (அமைப்புகளை எழுதி வைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) வையுங்கள். என் ரெசிஸ்டர் மதிப்பும் உண்மையில் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

ஈனம் (enum, எண்களுக்குப் பெயர் வைக்கும் பட்டியல்) விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. அது 0, 1, 2 என்று வரிசையாகத்தான் எண்ணும், 250-க்கோ 9.81-க்கோ அதில் இடமில்லை. ஸ்டேட் மெஷினின் (ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நிரல்) நிலைகளுக்குப் பெயர் வைக்க அதைவிட நல்லது இல்லை, ஆனால் டைப்டெஃப் (எல்லாக் காப்பிக்கும் பொதுவான வரையறை) ஆக்காமல் பயன்படுத்தினால் ஒரு பெயரைச் சேர்க்க ஒவ்வொரு காப்பியையும் திருத்த வேண்டும். டைப்டெஃப் பெயர்ப் பட்டியலைத்தான் எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும், அதில் டிஃபால்ட் மதிப்பை மாற்றினால் ஏற்கெனவே போட்ட கான்ஸ்டன்டுகள் மாறாது. அப்புறம், கேஸ் ஸ்ட்ரக்சரில் (மதிப்புக்கு ஏற்ப வழி பிரிக்கும் பெட்டி) டிஃபால்ட் வழி வைக்காதீர்கள். புதுப் பெயர் சேர்த்ததும் அதைக் கையாளாத விஐகளில் ரன் அம்புக்குறி உடைந்துவிடும், எங்கெங்கே போய்த் திருத்த வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.