தலைப்பில் 2 இல்லாத இரண்டாம் பாகங்கள்

பெயருக்குப் பின்னால் 2 இல்லை என்பதற்காக அதைத் தனிப்படம் என்று நினைத்துவிடாதீர்கள். 2016-ல் வந்த 'ஸ்ப்ளிட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் ஒரு முகம் வரும்போதுதான், இது 2000-ல் வெளியான 'அன்பிரேக்கபிள்' படத்தோடு சேர்ந்தது என்றே தெரியும். முதல் படத்தைப் பார்க்காதவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு கிடைக்காது; அது உண்மையிலேயே பெரிய இழப்பு. மூன்றாவது படத்தின் பெயர் 'கிளாஸ்' (2019). 'பிட்ச் பிளாக்' பிடித்திருந்தால், அடுத்து 'தி கிரானிக்கிள்ஸ் ஆஃப் ரிடிக்'.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? ஐஎம்டிபி தளத்தில் படத்தின் பக்கத்தைத் திறந்து கீழே போனால் 'கனெக்‌ஷன்ஸ்' என்ற பகுதி இருக்கும். முந்தைய படம் எது, அடுத்தது எது என்று அதில் போட்டிருப்பார்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். கதைச்சுருக்கத்தின் பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.