கோலாலம்பூர் வீட்டு முற்றத்தில் அத்தி: தொட்டியில் வளர்க்கும் முறை

இங்கே 'பொக்கோ தின்' என்று நர்சரிகளில் விற்பது சீமை அத்தி. நம் ஊர் அத்தி மரம் வேறு. குளிர் நாடுகளில் பனிக்குப் பயந்து இதைப் போர்த்தி வைப்பார்கள்; கோலாலம்பூரில் மழையிடமிருந்துதான் காப்பாற்ற வேண்டும்.

40 லிட்டர் தொட்டி போதும். அடியில் ஓட்டைகள் தாராளமாக இருக்கட்டும். தேங்காய் நார்த்தூள் 2 பங்கு, கருக்கிய உமி 1 பங்கு, மட்கிய உரம் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். தோட்டத்துக் களிமண் வேண்டவே வேண்டாம்; தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும்.

தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் படும் இடத்தில், ஒளி புகும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வையுங்கள். கூரை இல்லையென்றால் துரு நோய் கட்டாயம் வரும். இலையைத் திருப்பிப் பாருங்கள்: அடிப்பக்கம் பழுப்பு மஞ்சளாகப் பொடி ஒட்டியிருக்கும், சில வாரங்களில் மரமே மொட்டையாகிவிடும். அந்த இலைகளைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தண்ணீரை வேரடியில் மட்டும் ஊற்றுங்கள்.

காய் பெரும்பாலும் புதுக் கிளையில்தான் பிடிக்கும். அதனால் காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளை 2, 3 கணு விட்டு வெட்டுங்கள். கையுறை அவசியம், பால் பட்டால் தோல் எரியும்.

பறித்த பிறகு அத்தி மேலும் இனிப்பேறாது. காம்பு வளைந்து, பழம் தொங்கி, தொட்டால் மெத்தென்று இருக்கும்வரை பொறுங்கள். அதுவரை வலைப்பை கட்டினால் பறவைகள் கொத்தாது.